மூன்றாவது தாயி

கோந்த்வாவைத் தாண்டி ஒரு மொட்டைக் குன்றின் அடிவாரம். மலைச் சைக்கிள் பந்தயம் தொடங்கப் போகிறது. ஆண்கள் கூட்டம் சரளைப் பாதையை அடைத்து நிற்கிறது. பெண்களுக்கென்று கட்டிய கயிற்றுக்குப் பின்னால் இரண்டே பேர்.

மைக் பிடித்தவர் என் பக்கம் பார்த்து, "தாயி, தாயி" என்று கூப்பிடுகிறார். யாருடைய தாயைத் தேடுகிறார் என்று நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

"உங்களத்தான். மராட்டில தாயின்னா அக்கா. ஓட்ட வர்றீங்களான்னு கேக்கறாரு," என்கிறார் அந்த இருவரில் ஒருவரான ஸ்டெல்லா. இந்த ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் போனில் பேசிய தமிழைக் கேட்டுச் சற்று முன் தானாகவே வந்து பேசியவர். "மூணு பேர் இல்லன்னா லேடீஸ் ரேஸ் கேன்சல். பொண்ணுங்க வரதே இல்லன்னு சொல்லி அடுத்த வருஷம் வைக்கவே மாட்டாங்க. கோயம்புத்தூர்ல டெய்லி சைக்கிள்லதானே ஆபீஸ் போறேன்னீங்க?"

"அது தார் ரோடுங்க. நான் சும்மா பாக்க வந்தேன்."

"போன வருஷம் நானும் பாக்கத்தான் வந்தேன். மேட்டுல முடியலன்னா இறங்கித் தள்ளலாம், தப்பில்ல. ஆனா மேல வந்து சேரணும். சலோ, கிளம்புங்க."

பேசிக்கொண்டே இன்னொரு சைக்கிளின் சீட்டை என் உயரத்துக்கு இறக்குகிறார். அவருடைய பழைய சைக்கிள். யாராவது ஒருத்தி கிடைப்பாள் என்றே ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாராம்.

ஹெல்மெட் பட்டை தாடையை இறுக்குகிறது. எதிரே முதல் மேடு, கல்லும் புழுதியுமாக. மைக்கில் மறுபடியும் "தாயி" என்கிறார்கள்.

இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.