மலையைக் கும்பிடாத ஓட்டு

எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு மலையின் பெயர்தான். அவர்களைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ புருஷன் பேர் கேட்டால் வாயைத் திறக்க வேண்டாம். மலை இருக்கும் திசையில் திரும்பி ஒரு கும்பிடு போட்டால் போதும். கேட்டவர் அண்ணாமலையா, அருணாசலமா என்று விசாரித்து, தலையாட்டலைப் பார்த்து எழுதிக்கொள்வார். பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்ற பயமும் தீரும், வந்த வேலையும் முடியும்.

அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையைக் கட்டியவருக்கும் மலையின் பெயர்தான். இரண்டில் எது என்று நான் எழுதப்போவதில்லை. இதையெல்லாம் எழுதுவதே சரியா, மாமா வீட்டு மனிதர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள், நாளைக்கு என் மகளிடம் யாராவது ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்று நிறைய யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்துக்கொள்ளட்டும்.

நான் பேசப் பழகுவதற்கு முன்பே அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்குச் செங்கத்தில் வேலை ஜாஸ்தி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்குக்கூட லீவு கிடைக்காத வேலை என்ன வேலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ரேஷன் கார்டில் அத்தையின் பேர் கிடையாது. அது இன்னும் செங்கத்துக் கார்டிலேயே இருந்தது, அவளுக்கான சர்க்கரையை யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அவள் பேர் எழுதியிருந்த ஒரே இடம் ஓட்டர் லிஸ்ட்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, எண்பதுகளின் நடுவில், பல வருஷமாக நடக்காமலிருந்த நகராட்சித் தேர்தல் வந்தது. இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும், அந்த வார்டில் குடியிருக்க வேண்டும், பட்டியலில் பேர் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தை அதை நின்று படிப்பாள்.

அம்மாவுக்கு ஓட்டுப் போடவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கிழித்த காலண்டர் தாளில் சின்னங்கள் வரைந்து, குங்குமத்தைக் குழைத்து, விரலால் குத்தச் சொன்னாள். கோட்டில் படக்கூடாது. மை இன்னொரு சின்னத்தில் ஒட்டாதபடி நீளவாக்கில் மடிக்க வேண்டும்.

"தப்பா குத்திட்டா?" என்றாள் அம்மா.

"தப்பா குத்தினாலும் அது உன் குத்து. பயப்படாம குத்து."

தேர்தல் நாளில் அம்மா காலையிலேயே போய்விட்டு வந்தாள். நான் அத்தையோடு போனேன். என் வகுப்பறைதான் சாவடி. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். ஜன்னல் நிறைய மலை தெரிந்தது. மேஜையிலிருந்த அதிகாரி வேலூர்க்காரர். காலையில் முதல் பெண் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டபோது பக்தி என்று நினைத்துக் காத்திருந்தாராம். நாங்கள் போனபோது தேறிவிட்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் கும்பிட்டார்கள், அவர் டிக் அடித்தார்.

அத்தையின் முறை வந்தது. அவள் தன் பேரைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

அத்தை மேஜைமேல் இருந்த லிஸ்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உதவியாக ஜன்னலைக் காட்டினார். அப்போதும் அவள் அசையவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நானே ஜன்னல் பக்கம் திரும்பி, அவளுக்காக நன்றாகக் கைகூப்பினேன். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

"கையை இறக்குடி" என்று அத்தை என் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"ஒரு கும்பிடு போடறதுல என்னம்மா கஷ்டம்?" என்றார் அதிகாரி.

"கும்பிடணும்னா கோயிலுக்குப் போயிருப்பேங்க. ஓட்டுப் போட வந்தேன்."

"லிஸ்ட்ல கணவர் பேருன்னுதானே இருக்கு."

"ஓட்டு எனக்கா, அவருக்கா? வயசு முடிஞ்சிருக்கணும், வார்டுல இருக்கணும், லிஸ்ட்ல பேர் இருக்கணும்னு நீங்கதான் வெளிய ஒட்டி வெச்சிருக்கீங்க. எனக்கு மூணும் இருக்கு. புருஷன் பேரை ஒப்பிக்கணும்னு அதுல எங்கயும் இல்லியே."

சுவரோரம் ஒரு வேட்பாளரின் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். அவர் மாமாவின் சித்தப்பா மகன். அத்தையின் ஓட்டு தன் கட்சிக்கு விழாது என்று அவருக்குத் தெரியும்.

"சார், எனக்கு ஆட்சேபணை. இவங்கதான் அந்த ஆளுன்னு எப்படி நம்பறது? பேரைச் சொல்லட்டும், உட்டுடறேன்." பிறகு அத்தையைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா சொல்லுங்க அண்ணி. ஒரு தடவை சொன்னா வாய் ஒண்ணும் தேஞ்சிடாது."

சொன்னால்தான் சீட்டு என்றால் அத்தை திரும்பிப் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் கை என் கையை இறுக்கியது, வளையல் என் மணிக்கட்டில் அழுத்தியது.

"இப்போ என்னை இன்னான்னு கூப்பிட்டே?" என்றாள் அவரிடம்.

"அண்ணின்னு."

"சார், கேட்டுக்கங்க. அண்ணின்றான். ஆளு யாருன்னு தெரியலயாம்."

வரிசையில் ஒருத்தி, "தெரியாத பொம்பளைய அண்ணின்னு கூப்பிட்டா செருப்பாலதான் அடிப்பாங்க" என்றாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏஜென்டைக் கேட்டார்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா…"

"அப்புறம் என்ன ஆனா. உக்காருங்க."

அத்தையின் விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாள். நீளவாக்கில் மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, அவசரமில்லாமல் வெளியே வந்தாள்.

அப்பா பள்ளிக்கூட கேட்டிலேயே நின்றிருந்தார். யாரோ அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள். "ஒரு கும்பிடுல முடிஞ்சிருக்கும்க்கா" என்றார்.

"முடிஞ்சிருக்கும்" என்றாள் அத்தை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் காலையிலிருந்து யோசித்துக் கண்டுபிடித்திருந்ததைச் சொன்னேன்.

"மத்தவங்கல்லாம் பேரைத்தான் சொல்லல, மலையைக் காட்டிட்டாங்க. நீ அதுகூடக் காட்டலை. உனக்குத்தான் அத்தை, மாமா மேல மரியாதை ஜாஸ்தி."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு எழுந்து போனாள். அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அத்தை குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆமாண்டி," என்றாள், "ரொம்ப ஜாஸ்தி."

நான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.