கடல் குடித்த வேனும் கர்த்தர் அனுப்பிய கைகளும்

இந்தச் சாட்சியை எழுதித் தரும்படி பாஸ்டர் கேட்டு நெடுநாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் கை நின்றுவிடும். என் துக்கத்தைச் சொல்லாமல் கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை தாமதம்.

நான் கதிரவெளியைச் சேர்ந்த செல்வராணி. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வலை பார்க்கக் கரைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. எங்கள் மகள் ஜெரூஷா அப்போது சின்னப்பிள்ளை. அந்தக் காயம் ஆறுமுன்னே யுத்தம் எங்கள் பக்கம் வந்தது. ஊரோடு எழும்பி, காட்டுவழியாக நடந்து, முகாமில் கிடந்தோம். அந்த நாட்களில் என் ஒரே தம்பி காணாமல் போனான். யாரைக் கேட்டும் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பியபோது கூரை இல்லாத வீடும், நானும், மகளும் மட்டுமே மிச்சம்.

அன்றிலிருந்து சீருடை போட்டவர்களைக் கண்டால் என் உடம்பு விறைத்துவிடும். ஆமிக் காவலரணைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். தினமும் ஜெபித்தேன். ஆனால் மனதில் இருந்த அந்தக் கசப்பைப் பற்றி மட்டும் கர்த்தரிடம் ஒருநாளும் பேசவில்லை.

யுத்தம் முடிந்த வருடம் பாதை திறந்தது. நானும் பக்கத்து வீட்டுப் பூமணியும் கருவாடு போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். வியாபாரிகள் வாசலுக்கே வந்து, தாங்கள் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். வாழைச்சேனைச் சந்தைக்கு நாங்களே கொண்டுபோனால் இரண்டு குடும்பமும் நிமிர்ந்துவிடும். சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு நிவாரண நிறுவனம் பெண்களுக்கு வாகனம் ஓட்டப் பழக்கியது. அதில் நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். வாகனம்தான் இல்லை.

ஓட்டமாவடியில் இஸ்மாயில் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) என்பவர் பழைய வேன் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பூமணியோடு போனேன். வேன் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் கதவைத் திறக்குமுன்னே காக்கா முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒளிக்காமச் சொல்றன். இது சுனாமியில தண்ணிக்குள்ள முழுசாத் தாண்ட வேன். கழுவித் துடைச்சித்தான் ஓட்டுறன். ஆனா எஞ்சின் சூடாகும். கொஞ்சத் தூரம் ஓடினா சூட்டு முள்ளு ஏறிடும். நிப்பாட்டி, ஆற வச்சி, தண்ணி ஊத்தித்தான் திரும்ப எடுக்கணும். ஹெட் கேஸ்கட் மாத்திப் பாத்தன். திரும்பவும் அதே வருத்தம்தான்."

"வேற ஆக்களுக்கும் இதச் சொன்னீங்களா காக்கா?"

"சொன்னன். அதாலதான் இன்னும் விக்கல்ல."

எங்கள் கையில் இருந்ததற்கு வேறு எந்த வாகனமும் கிடைக்காது. அந்த ஆசனத்தில் கை வைத்தபோது, என் கணவரைக் கொண்டுபோன அதே தண்ணீர் இதற்குள்ளும் நின்றிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். பிறகு திரும்பவும் வைத்தேன். வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் வேனைச் சுற்றி நின்று, பொனட்டில் கை வைத்து ஜெபித்தார்கள். "ஆண்டவரே, இந்த எஞ்சினைச் சுகப்படுத்தும்" என்று நானும் தினமும் கேட்டேன். எஞ்சின் சுகமாகவில்லை. வாழைச்சேனைக்குப் போகும்போது பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னால் ஒரு தடவை, அதைத் தாண்டி ஒரு தடவை நிறுத்தி ஆறவைக்க வேண்டும். பூமணி அம்மன் பக்தை. தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் என்னைச் சீண்டுவாள்.

"உன்ட ஆண்டவருக்கு எஞ்சின் வேல தெரியாது போல கா."

நானும் சிரிப்பேன். ஆனாலும் பிழைப்பு நடந்தது. வீட்டுக்குக் கூரை போட்டோம்.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, விறகு எடுக்கப் போன ஜெரூஷாவைப் பாம்பு கடித்தது. புடையன், கண்ணாடி விரியன் என்பார்களே, அது. "அம்மா" என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

வேனில் போட்டுக்கொண்டு பக்கத்து வாகரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் சேலைன் ஏற்றினார். ஆம்புலன்ஸ் அப்போதுதான் ஒரு பிரசவத்துக்காகப் போயிருந்தது.

"அது வரும்வரைக்கும் நிக்க வேணாம் அம்மா. வாழைச்சேனைக்குக் கொண்டு போங்க. நான் அங்க சொல்லி வைக்கிறன்" என்றார்.

பின்னால் பூமணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தாள். நான் வேனை எடுத்தேன். வழமையாக நிறுத்தும் இடம் வந்தது. நிறுத்தவில்லை. பாலத்தைக் கடந்தேன். முள் சிவப்பைத் தொட்டது. "இன்றைக்கு மட்டும், ஆண்டவரே, இன்றைக்கு மட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

காட்டுப் பக்கம் வந்ததும் எஞ்சின் ஒரு தரம் இருமி நின்றது. பொனட்டில் இருந்து ஆவி எழும்பியது. திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன். ஆறும்வரை காத்திருக்க முடியாமல் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினேன். சாவியைத் திருப்பினால் வெறும் சத்தம். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. அந்தக் காலத்தில் அந்த வீதியில் வாகனம் வருவதே அபூர்வம். பின்னால் இருந்து பூமணி கூப்பிட்டாள்.

"ராணி, புள்ளைக்குப் பல்லு முரசால ரத்தம் வருது."

நான் தார் வீதியில் முழங்கால் போட்டேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "இவளையும் என்னிடம் கேளாதேயும். யாரையாவது அனுப்பும். யாரையாவது." அவ்வளவுதான் என் ஜெபம்.

வாகரைப் பக்கமிருந்து ஒரு வாகனத்தின் இரைச்சல் கேட்டது. பாய்ந்து எழும்பிக் கையை உயர்த்தினேன். வளைவு தாண்டி அது தெரிந்தபோது பச்சை நிற ஆமி ட்ரக். உயர்த்திய கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது என்னைக் கடந்து போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். தாயாக இருந்தும் அப்படி நினைத்தேன்.

பூமணி நினைக்கவில்லை. போத்தலைக் கதவுக் கொளுவியில் மாட்டிவிட்டு இறங்கி ஓடி, நடு வீதியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். ட்ரக் நின்றது.

இளம் வயது ஆமிக்காரர் ஒருவர் குதித்து வந்தார். எங்களுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் சில சொற்கள்தான். பூமணி கையைப் படம் எடுத்த பாம்புபோல வளைத்துக் காட்டி, காலைக் காட்டினாள். அவருக்கு விளங்கிவிட்டது. வேனுக்குள் குனிந்து ஜெரூஷாவைத் தூக்கக் கை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, பிள்ளை... கெதியா" என்றார்.

பூமணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ ஆரக் கேட்டு முழங்கால் போட்டாய் கா? கேட்டது வந்து நிக்குது. வழிய விடு!"

நான் விலகினேன். அந்த ஓர் அடி எடுத்து வைத்ததுபோல் கஷ்டமான காரியம் என் வாழ்க்கையில் வேறில்லை.

அவர் பிள்ளையைத் தூக்கி ட்ரக்கில் ஏற்றினார். இன்னொருவர் எங்கள் வேனுக்குக் காவலாக வெயிலில் நின்றுகொண்டார். ட்ரக் குழியிலும் மேட்டிலும் விழுந்து எழும்பி ஓடியது. அந்த இளைஞர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் சேலைன் போத்தலை உயர்த்திக்கொண்டு வழி முழுவதும் நின்றார். கை சோரும்போது மற்றக் கைக்கு மாற்றுவார். ஒரு தடவையும் தாழ்த்தவில்லை. நான் மகளின் தலையை மடியில் வைத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் மனதில் இருந்த கசப்பைப் பற்றி முதன்முதலாக அப்போதுதான் கர்த்தரிடம் பேசினேன்.

ஆஸ்பத்திரியில் மருந்தோடு ஆயத்தமாக நின்றார்கள். பிள்ளையை உள்ளே கொண்டுபோகுமுன் அவர் என்னிடம், "பேர்?" என்று கேட்டார். "ஜெரூஷா" என்றேன். ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு ட்ரக்கை நோக்கிப் போய்விட்டார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை.

அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சில நாட்கள் பிழைப்பாளா என்பதே தெரியாமல் இருந்தது. சபையார் உபவாசம் இருந்தார்கள். பூமணி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஒருநாள் காலை ஜெரூஷா கண் விழித்து, "அம்மா, பசிக்குது" என்றாள். வார்ட்டுக்கு வெளியே போய் நன்றாக அழுதேன்.

செய்தி கேட்டு இஸ்மாயில் காக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். காவல் நின்றவரிடமிருந்து வேனைப் பொறுப்பெடுத்து, கட்டி இழுத்துப் போய் வாகனம் திருத்தும் கராச்சில் விட்டிருந்தார். எஞ்சினை முழுதாகக் கழற்றியபோது, தண்ணீர் ஓடும் பாதைகளில் கடல் சேறு இறுகிப்போய் இருந்ததாம். அதையெல்லாம் சுரண்டி எடுக்கச் செய்திருந்தார்.

"நீங்க என்னத்துக்குக் காக்கா இதெல்லாம் செய்றீங்க? நீங்க ஒளிக்காமச் சொல்லித்தானே தந்தீங்க" என்றேன்.

அவர் கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி, சொல்லித்தான் தந்தன். உண்மையச் சொன்னாப் போதும் எண்டு இருந்திட்டன். போதாது."

வேன் இப்போதும் கடும் வெயிலில் கொஞ்சம் சூடாகும். ஆனால் வாழைச்சேனைவரை நிற்காமல் ஓடும். கருவாடு ஏற்றாத நாளிலும் ஊரில் யாருக்கு நோய் வருத்தம் என்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். எந்த மதம் என்று நாங்கள் கேட்பதில்லை. ஜெரூஷா திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்த இளைஞருக்கு நன்றி சொல்லப் பிறகு காவலரணுக்குப் போனேன். தலை குனியாமல் போனேன். அவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பெயரை விளக்கிக் கேட்க எனக்குப் பாஷை இல்லை.

என் தம்பிக்காகவும் ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் அல்லவா? ஒன்றுக்குப் பதில் கிடைத்ததால் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காத்திருக்கும்போதும் அவர் என்னோடு இருக்கிறார் என்பதை இப்போது அறிவேன்.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, வழியில் நின்றுபோய் இருக்கிறீர்களா? வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். உதவி யார் கையால் வரவேண்டும் என்று மட்டும் கர்த்தருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வரும்போது வழியை விடுங்கள். இன்றிரவு முழங்கால்படியிடும்போது, எங்கோ ஓர் ஊரில் இருக்கும் அந்த ஆமிப் பிள்ளையையும் அவனைப் பெற்ற தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எனக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.