பச்சை வயர்

மேடையில் பேஸ் கித்தார் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவளைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள், கீபோர்டுக்காரன் தலையை ஆட்டினால் அதையும் பார்ப்பார்கள். ஓரத்தில் நீளக் கழுத்துக் கித்தாரோடு நிற்கிறவன் நடுவில் இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், பாட்டு ஏதோ வயிறு ஒட்டிப்போன மாதிரி இருக்கிறதே என்று நினைப்பார்களே தவிர, ஆளைக் காணோம் என்று சொல்லமாட்டார்கள். மேலகரம் சிவனணைந்தபெருமாள் இருபத்தாறு வருடம் அப்படி ஓரமாக நின்றவர்.

அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்துவிட்டு மைக் செட்டுக்காரரோடு வயர் இழுக்கப் போனவர். ஒரு கோயில் கொடை விழாவில் பேஸ் வாசிக்கிற ஆள் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, கித்தாரை எடுத்து மாட்டினார், அதன்பிறகு கழற்றவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மேலகரத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற கடை ஒன்று. ஆலங்குளத்திலிருந்து செங்கோட்டை வரை பேஸ் வாசிக்கிற அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வந்தாக வேண்டும். பெட்டியைத் தட்டிப் பார்த்தே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையைப் பேச்சில் காட்டமாட்டார். நடையில் நன்றாகவே தெரியும்.

இந்தப் பேஸ்காரர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. பெயர் 'நாலு தந்தி'. பத்தொன்பது பேர். விடிந்தால் போதும், பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நல்லதா பதினைந்து இஞ்ச் நல்லதா என்று ஆரம்பித்துவிடுவார்கள். பழைய தந்தியைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்தால் புதுச் சத்தம் வரும் என்று ஒருவன் சொல்ல, சோறு வடிக்கிற பானையில் தந்தியை வேகவைத்துப் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கியவன் கதை இன்னொருவன் சொல்லுவான். சண்டை முற்றினால் கடைசியில் எல்லாரும் ஒருவரைத்தான் கேட்பார்கள்: "அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதிய?" சிவனணைந்தபெருமாள் அரை நிமிடம் வாய்ஸ் மெசேஜ் போடுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் குரூப்பில் கடையநல்லூர் மன்சூர் வந்து சேர்ந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். துபாயில் கடை வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டவன். வரும்போது தந்தி ஐந்து உள்ள பேஸ் ஒன்றும், பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் கொண்டுவந்தான். நாலு தந்தியில் ஐந்து தந்திக்காரனைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் கிண்டல் ஓடியது. பையன் நல்லா வாசிப்பான், கூடச் சேர்ந்து பாடவும் செய்வான். வாரம் ஒருமுறை கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இதென்ன அண்ணாச்சி, அதென்ன அண்ணாச்சி என்று துளைத்துவிடுவான். அவருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

சித்திரை மாதம் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து, மேடைச் சத்தத்தையெல்லாம் சேர்க்கிற மிக்சருக்கு லைன் கொடுத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், தேனடை மாதிரி. இவர்கள் அதை ஹம் என்பார்கள். பெரிய பேஸ்காரன் எவனும் எதற்கும் பயப்படமாட்டான், இந்த ஹம்முக்குப் பயப்படுவான். கல்யாண மண்டபத்தில் பாட்டு நின்ற நேரம் அது கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்ப்பார்களாம்.

காரணம் அவருக்குத் தெரியும். பெட்டிக்கு ஓர் எர்த், மிக்சருக்கு ஓர் எர்த், இரண்டும் லைன் வழியாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதால் வருகிற சத்தம். முறையான வைத்தியம் நடுவில் இரண்டையும் பிரிக்கிற ஒரு சின்னப் பெட்டி வைப்பது. அது மதுரையிலிருந்து வர ஒரு வாரமாகும், மறுநாள் மன்சூருக்குப் புரோகிராம். முறையில்லாத வைத்தியம் எல்லா மேடையிலும் எல்லாரும் செய்கிறதுதான். பிளக்கைத் திறந்தார். பச்சை வயரைக் கழற்றினார், மடக்கினார், டேப் சுற்றினார், மூடினார். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று கம்பியும் அப்படியே இருக்கும், எர்த் மட்டும் கிடையாது. ஹம் நின்றுவிட்டது. மன்சூர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே குரூப்பில் போட்டுவிட்டான். "அண்ணாச்சி கை வச்சாரு, பெட்டி ஊமையாயிட்டு!" அந்த மாதத்துக்குள் இன்னும் ஆறு பேர் பெட்டியோடு வந்தார்கள். ஆறு பச்சை வயரையும் கழற்றினார். அதில் ஒருவன் புளியங்குடி இசக்கிமணி. எலுமிச்சை மண்டியில் கணக்குப்பிள்ளை, சனி ஞாயிறில் பேஸ். அவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக் கற்றும்கொண்டான்.

ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு விடுதியின் புல்தரையில் கல்யாண வரவேற்பு. மேடைக்குத் தகரம் போட்டிருந்தார்கள், சாரலுக்குத் தகரம் எங்கே தடுத்தது? பலகை நனைந்து ஊறிக் கிடந்தது. மன்சூர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். மாலை ஏழு மணிக்கு மூன்றாவது பாட்டு. கூடப் பாடுவதற்காகத் தந்தியில் கை இருக்க மைக்கைப் பிடித்து இழுத்தான். பிடித்தவன் விடவில்லை. பாட்டுக்கு ஆடுகிறான் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அங்கே மைக் செட் போட்டிருந்த சங்கரபாண்டி போன் பண்ணிக் கதறினான். தென்காசி ஆஸ்பத்திரிக்கு சிவனணைந்தபெருமாள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய பெட்டி, ஈரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கசிந்து கரண்ட் பெட்டியின் இரும்புக்கு இறங்கியிருக்கும். இரும்பிலிருந்து தந்திக்கு வரும். மண்ணுக்குள் கொண்டுபோய்த் தள்ள வேண்டிய பச்சை வயர் டேப்புக்குள் சுருண்டு கிடக்க, அது மன்சூரின் நெஞ்சு வழியாக மைக்குக்குப் போயிருக்கிறது. பிளக்கைத் திறந்த தன் விரல்களை அவரால் பார்க்க முடியவில்லை.

ஸ்டேசனில் பெட்டியை வைத்துக்கொண்டு அவரைத்தான் கூப்பிட்டார்கள், இந்த ஊரில் வேறு யாருக்கு இது தெரியும்? ஏட்டு பிளக்கைத் தூக்கிக் காட்டினார். "மூணு கம்பியும் இருக்குல்லா? எர்த்து சரியாத்தான இருக்கு?"

"வெளிய பாத்தா சரியாத்தான் சார் இருக்கு" என்றார் அவர்.

பொய் என்று சொல்ல முடியாத அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். தப்பு மைக் செட் வயரிங்கில்தான் இருக்க வேண்டும் என்று முடிவாகி, சங்கரபாண்டியை விசாரணைக்கு உட்கார வைத்தார்கள். அடுத்த நாலு நாளும் காலையில் போவான், பொழுது சாயத் திரும்புவான்.

அடக்கத்துக்குப் போனார். மன்சூரின் வாப்பா சேக் தாவூது அவரைக் கட்டிக்கொண்டு, "ஒங்க கடைக்குப் போறேம்னுதான எப்பவும் சொல்லுவான்" என்று அழுதார். திரும்பிவந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மனைவி செண்பகவல்லி முதல் நாள் விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "செத்தது ஒங்க சிநேகிதன்னு மட்டும் இல்ல, வேற என்னமோ இருக்கு. என்ன அது?" என்றாள். சொன்னார். அவள் தட்டைக் கீழே வைத்தாள். "மத்த ஆறு பேரு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவரை எழுப்பிவிட்டது. எழுப்பியதே தவிர நிமிர்த்தவில்லை. அவருக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது: யாருக்கும் காரணம் சொல்லாமல் பெட்டிகளை வரவழைத்து, பச்சை வயரைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டால்? உயிருக்கு உயிரும் பிழைக்கும், மானத்துக்கு மானமும் பிழைக்கும். ஆறு பேருக்கும் போன் போட்டார். மழைக்காலம், பெட்டியைக் கொண்டுவாருங்கள், சும்மா ஒரு சர்வீஸ், காசு வேண்டாம் என்றார். அண்ணாச்சிக்கு என்ன மனசு என்று குரூப்பில் கைகூப்பினார்கள். அதே குரூப்பில் மன்சூரின் படமும் மாலையும் இன்னும் மேலே போய் மறையவில்லை.

இரண்டு நாளில் ஆறு பெட்டியும் வந்தன, ஆறும் சரியாயின. அன்று ராத்திரிதான் அவர் தூங்கினார். மறுநாள் காலை இசக்கிமணி போன் பண்ணினான்.

"அண்ணாச்சி, சர்வீஸ் பண்ணுனதுல இருந்து ஹம் திரும்ப வந்துட்டு. நீங்க மறந்து எர்த்தை மாட்டிட்டியன்னு நெனைக்கேன். நானே கழத்திட்டேன். இன்னும் மூணு பேரு இதையே சொன்னானுவ. எப்படிக் கழத்துததுன்னு அவனுவளுக்கும் வீடியோ எடுத்து அனுப்பிட்டேன். ஒங்க தொழிலாச்சே!"

காரணம் சொல்லாமல் எதையும் சரிபண்ண முடியாது என்பது சிவனணைந்தபெருமாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கழற்றக் கற்றுக்கொடுத்தவன் எதற்குக் கழற்றக் கூடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தன்னை மறைத்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் கடைக்குள் நடந்து பார்த்தார். இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, குரூப்பைத் திறந்து வாய்ஸ் பட்டனை அமுக்கினார்.

"மேலகரம் பெருமாள் பேசுதேன்" என்று ஆரம்பித்தார். "மன்சூர் செத்தது மழையால இல்ல, சங்கரபாண்டி வயராலயும் இல்ல. அவன் பிளக்குல எர்த்தைக் கழத்துனது நான். ஒங்க ஆறு பேருக்கும் கழத்துனதும் நாந்தான். எவனெவன் கழத்தி வச்சிருக்கியளோ இன்னைக்கே மாட்டுங்க. மாட்டத் தெரியலன்னா பெட்டியை ஆன் பண்ணாதிய. நான் இப்ப ஸ்டேசனுக்குப் போயி இதையே சொல்லப் போறேன்." நிறுத்தி நிறுத்திப் பேசியதில் இரண்டு நிமிடம் ஓடியிருந்தது. அனுப்பிவிட்டார்.

குரூப் செத்த வீடு மாதிரி கிடந்தது. ஒருவன் எழுத ஆரம்பித்து நிறுத்தினான். இன்னொருவன் குரூப்பை விட்டே போனான். கால் மணி நேரம் கழித்து இசக்கிமணியின் பதில் வந்தது.

"மனசே ஆறல அண்ணாச்சி. மாட்டிடுதேன். ஆனா இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் இப்படியே வாசிச்சுக்கிடுதேன். பெரிய எடத்துக் கல்யாணம், ஹம் கேட்டா மறுபடி கூப்பிடமாட்டானுவ. என் பெட்டி புதுசு, ஒண்ணும் ஆவாது."

சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர் அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். அப்போது போன் அடித்தது. திரையில் மன்சூர் என்று இருந்தது. செத்தவன் கூப்பிடுகிறான் என்றே ஒரு நொடி நினைத்தார். பிறகுதான் புரிந்தது. அவன் போன் அவன் வீட்டில் இருக்கிறது. குரூப்பிலிருந்து அவன் பெயரை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

"ராபியா பேசுதேன் அண்ணாச்சி." மன்சூரின் மனைவி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்தாள், ஆண்கள் யாரையும் பார்க்கமாட்டாள். குரல் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி வந்தது. "நீங்க பேசுனதைக் கேட்டேன். அடுத்து இசக்கிமணி எழுதுனதையும் படிச்சேன்."

"தாயி..." என்றார்.

"ஒண்ணு கேக்கணும். அவுக கரண்டுன்னா பயப்படுவாக. வீட்டுல பல்பு மாத்தக்கூட எங்க வாப்பாவத்தான் கூப்பிடுவாக. நீங்க அந்த வயரைக் கழத்துனப்ப ஒங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலியா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அந்த நேரம் கடையில் வேறு யாரும் இல்லை. இல்லையம்மா, கேட்கவில்லை என்றால் அவள் நம்பித்தான் ஆக வேண்டும்.

"கேட்டான் தாயி. எதும் ஆயிடாதுல்லா அண்ணாச்சின்னு ரெண்டு தடவ கேட்டான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"சிரிச்சேன்." மீதியையும் சொன்னார். "இருவத்தாறு வருசமா இப்படித்தான்லே வாசிக்கேன், நான் என்ன செத்தா போயிட்டேன்னு சொன்னேன்."

அழுகிறாளா என்று காதை அழுத்திவைத்துக் கேட்டார், அழவில்லை. ஏசிவிட்டாலாவது தேவலை என்று இருந்தது.

"அதை நீங்க குரூப்புல சொல்லலியே அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "அதையும் சொல்லுங்க. அந்த ஆளும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் எழுதியிருக்காரு. அவரு வீட்டுலயும் ஒரு பொம்பள இருப்பால்லா."

வைத்துவிட்டாள். சிவனணைந்தபெருமாள் சட்டையின் மீதிப் பித்தானைப் போடாமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து பட்டனை அமுக்கினார்.

"இன்னொண்ணு விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தார். "மன்சூர் எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டான்."