கும்பிடு வாங்கிய படி

முத்துப்பேச்சிக்குக் கும்பிடக் காரணம் வேண்டாம். வாய்க்காலில் இறங்கினால் தண்ணீருக்கு ஒரு கும்பிடு. களை எடுக்கப் போனால் களைக்கொட்டுக்கு ஒன்று. உலை கொதித்தால் அடுப்புக்கு ஒன்று. மழை பொய்த்துச் சோளம் கருகிய வருஷத்திலும் இந்த வழக்கம் நிற்கவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போன புருஷன் சுருளியாண்டி மலைக்காய்ச்சலோடு திரும்பிப் பாயில் சுருண்ட பிறகும் நிற்கவில்லை. "இன்னைக்கும் கண்ணு தொறந்தாகளே, சூரியனுக்கு ஒரு கும்பிடு" என்பாள். ஓடைப்பட்டியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அவள் எந்த மனிதருக்கும் கை குவித்ததில்லை என்பதைச் சிரித்தவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கப் புத்தி வேண்டுமே.

கண்ட்ரோல் கடை ஞானசிகாமணிக்கும் அந்தப் புத்தி கிடையாது. யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது அந்தக் கடை அவர் கைக்கு வந்தது. சர்க்கார் அரிசியைச் சர்க்கார் விலைக்கு அளந்து போடுகிற ஆள், தன் வீட்டுக் குதிரிலிருந்து அள்ளித் தர்மம் செய்பவர் போல வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெள்ளைக்காரன் தரும் ராவ் சாகிப் பட்டத்தின் மேல் அவருக்கு ஆசை. ஜனங்கள் நன்றி சொன்னதாகக் காகிதம் போனால் பட்டம் வரும் என்று எவனோ ஏற்றிவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை கடை வாசலில் மேஜை போட்டு, வந்தனோபசாரப் பத்திரம் ஒன்றை விரித்தார். 'பஞ்சத்தில் ஊரைக் காத்த வள்ளல்' என்று அதில் கண்டிருந்தது. கைநாட்டு வைத்தவருக்குத்தான் அரிசி.

சனமும் வெட்கமில்லாமல் வரிசையில் நின்றது.

"மொதக் கைநாட்டு முத்துப்பேச்சிதான். வெளக்குமாத்தையே கும்பிடுறவ, எனக்கு ஒரு நன்றி சொல்ல மாட்டாளா?" என்றார் ஞானசிகாமணி.

"வெளக்குமாறு வேல செய்யுது மொதலாளி" என்றாள் முத்துப்பேச்சி.

வரிசை சிரித்தது. ஞானசிகாமணி சிரிக்கவில்லை. "அப்ப அரிசி வேணாமா?"

அவள் மேஜையருகே வந்தாள். நான்கு நாளாகச் சுருளியாண்டிக்குக் கேப்பைக்கூழ் தொண்டையில் இறங்கவில்லை. அரிசிக் கஞ்சி மட்டும்தான் வயிற்றில் தங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பங்காக வரும் மூன்று படி கிடைக்காவிட்டால் வெறுங்கையோடுதான் அந்தப் பாயருகே போக வேண்டும்.

"படியக் கும்பிட்டுட்டுக் கைநாட்டு வைக்கிறேன். அதுதான சோறு போடுது" என்று அளக்கும் படியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். அடியைத் தாங்கிய விரல்கள் ஒரு பள்ளத்தில் இறங்கின. இருபது வருஷம் களத்தில் கூலி நெல்லை அளந்து வாங்கிய விரல்கள். அவற்றுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. படியின் அடியை உள்பக்கமாகத் தட்டி எழுப்பியிருந்தார் வள்ளல்.

அவள் கத்தவில்லை. பின்னால் நின்ற கருத்தம்மாளிடம் நீட்டினாள். "மதினி, நீயும் கும்பிட்டுக்க. அடியத் தொட்டுக் கும்பிடு."

கருத்தம்மாள் தொட்டாள். "அடி ஆத்தா! ரொம்ப ஆழமான சாமியால்ல இருக்கு!"

அடுத்து நின்ற அம்மாவாசி வாங்கித் தடவினான். "ஏலே, ஒரு கை அரிசி இதுக்குள்ள ஒளிஞ்சுக்கிருச்சுடா."

படி கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போயிற்று. ஓடைப்பட்டியில் அப்படியொரு பக்தியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மேஜைப் பக்கம் ஒருவரும் நகரவில்லை.

"என்ன கூத்து இது? படியக் கொண்டாங்க! கைநாட்டு இல்லேன்னா அரிசி இல்ல!"

"இருக்கட்டும் மொதலாளி" என்றான் அம்மாவாசி. "தாசில்தார்கிட்ட எடுத்துட்டுப் போறோம். அவுகளும் ஒரு கும்பிடு போடட்டும்."

ஞானசிகாமணி மேஜையை விட்டு எழுந்தார். பத்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வேறொரு படியோடு வந்தார். முத்துப்பேச்சி அதன் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையை விரித்தாள்.

"ஒண்ணு" என்று அளந்தார் அவர்.

"களத்துல மொத அளவ ஒண்ணுன்னா சொல்லுவாக? லாபம்னு சொல்லுங்க மொதலாளி."

வரிசை முழுவதும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நிறைபடியை முந்தானையில் கவிழ்த்து, "லாபம்" என்றார்.