நாலு விநாடி அலையும் ஒரு கிலோ நண்டும்

போர்த்துக்கல் கடற்கரையில் ஒரு வாரம் தனியாக இருந்துவிட்டு நேற்று லண்டன் திரும்பினேன். இன்று காலை எங்கள் செவன் கிங்ஸ் பகுதி மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் சிவம் நண்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அங்கை நல்லாச் சாப்பிட்டியளோ?"

இல்லை என்றேன்.

நண்டும் இறாலும் போட்டுச் சட்டியில் சமைக்கும் சோறு அந்தக் கரையில் பிரபலம். ஆனால் இரண்டு பேருக்குக் குறைவாகச் சமைக்க மாட்டார்கள். மூன்று உணவகங்களில் கேட்டேன். மூன்றிலும் பரிமாறுபவர் என் எதிரே இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்தார். ஏழு நாளும் சுட்ட சாளை மீன்தான்.

"அப்ப என்னதான் செய்தனீங்கள்?"

"கோட்டை பாத்தன். அலைச்சறுக்குப் பலகையில ஏறி அலையில நிண்டன்."

"ஐம்பத்தெட்டு வயசிலயோ! படத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

"எடுக்க ஆளில்லை."

"அப்ப நான் எப்பிடி நம்புறது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருடம் செய்தியாளனாக எல்லோரிடமும் சாட்சி கேட்டவனுக்கு, அந்தக் கேள்வியில் பிழை சொல்ல முடியவில்லை.

ஒரு நண்டு போதும் என்றேன்.

"ஒரு நண்டில கறியோ? கடைக்கு மானக்கேடு அண்ணை," என்று சிவம் ஒரு கிலோவை வெட்டித் தந்துவிட்டார்.

சட்டி இப்போது அடுப்பில் இருக்கிறது. நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். பக்கத்தில் இருப்பவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே பதில் எழுதிவிட்டு வாருங்கள். நான் அலையில் நின்றது நாலு விநாடி. அதை முதலில் நம்புகிறவருக்குப் பெரிய நண்டுக்கால்.