முப்பத்தெட்டாவது நிழல்

திருவானைக்காவல் பஸ் நிறுத்தத்தில் 'பயணியர் நிழற்குடை' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே உட்காரும்போதெல்லாம் என் கை சட்டைப்பையில் பென்சிலைத் தேடுகிறது. அறுபது வருஷமாகியும் போகாத பழக்கம். நிழல் என்ற சொல் கண்ணில் பட்டாலும் காதில் விழுந்தாலும் அதற்கு ஓர் எண் போடத் தோன்றும். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று என் பிள்ளைகளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்லாததற்குக் காரணம், அதில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் கேட்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.

எனக்குப் பதினொரு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சியில். ஒரு நாள் தமிழ் ஐயா கரும்பலகையில் 'நிழல்' என்று எழுதி, இந்தச் சொல்லை ஜனங்கள் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. முதலில் நாற்பது கொண்டுவருகிறவனுக்கு ஒரு மைப்பேனா பரிசு.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "எல்லாருக்கும் நிழல் பக்கமே சீட்டு வேணும்னா, வெயிலை நான் எங்கங்க கொண்டுபோய் இறக்கிவிடறது?" என்றார். அது மூன்றாவது. அப்பா யாரையோ பற்றி, பெரிய மனுஷன் நிழலில் இருக்கிறான், அவனுக்கு என்ன குறை என்றார். கண்ணில் புரை விழுந்த எதிர்வீட்டு மாமா, எதைப் பார்த்தாலும் நிழலாடுகிறது என்றார். தபாலில் ஒரு கருப்புக்கரைக் கார்டு வந்தது. தூரத்து உறவினர் ஒருவர் ஆசாரியன் திருவடி நிழலை அடைந்துவிட்டாராம். செத்துப்போனார் என்று அதற்கு அர்த்தம் என்று அம்மா சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. நின்றால் இதமாக இருக்கிறது, வேலை வாங்கித் தருகிறது, கண்ணில் வந்தால் வியாதி, கடைசியில் சாவும் அதுதான். எதையும் விட்டுவிடாமல் எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

எனக்கு அதிகம் தந்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். நான் பிறந்த பிறகு அம்மா வெகுகாலம் படுக்கையில் இருந்ததால், என் அக்காவைக் குளிப்பாட்டித் தலை பின்னி, பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்து வளர்த்தது அத்தைதான். நோட்டோடு நான் சமையலறையில் வளைய வருவதைப் பார்த்து, "நிழலாட்டம் பின்னாடியே வராதேடா, அடுப்புல விழுந்து தொலைக்கப்போறே" என்றாள். நான் உடனே எழுதினேன்.

"இதையுமா எழுதிண்டே? அப்போ பேனால எனக்குப் பாதி."

"மூடியை நீ வெச்சுக்கோ, அத்தை."

"படவா. எழுதற பக்கம் உனக்கா?"

அந்த மாதம்தான் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்துப் பெண்கள் பாடுவார்கள். பாலும் பழமும் கொடுப்பார்கள். கலர் சாத உருண்டைகளைச் சுற்றித் திருஷ்டி கழிப்பார்கள். அக்கா ஊஞ்சலில் உட்காருவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அத்தை எனக்குத் தெரிந்து எதற்கும் ஆசைப்பட்டதில்லை. "உன் அக்கா அன்னிக்கு வெக்கப்படறாளா, இல்லே காலை உதைச்சு வேகமா ஆடறாளா பாக்கணும்டா" என்று என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பெரியம்மா வந்து இறங்கினாள். அம்மாவின் அக்கா. சாமான் அறையில் இருவரும் அப்பளம் எண்ணிக்கொண்டிருந்தபோது நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தேன்.

"ஊஞ்சலன்னிக்கு உன் நாத்தனார் நிழல் பொண்ணு மேல விழப்படாது. பக்குவமாச் சொல்லி உள்ளேயே வெச்சுக்கோ" என்றாள் பெரியம்மா.

"நான் எந்த வாயால சொல்லுவேன், அக்கா? அவ வளத்த பொண்ணு. அவ கிட்ட, பாலை நீதான் பாத்துக்கணும், வேற யார் கிட்ட விட்டாலும் தீய்ச்சுடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன். அவளும் நம்பிட்டா. அத்தோட விடு."

முப்பத்தெட்டாவது என்று எண் போட்டுப் பெரியம்மாவின் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதினேன். ஆனால் இது எந்த வகை என்று புரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். நாற்பதையும் முடித்துத் தமிழ் ஐயாவிடம் நோட்டைக் கொடுத்தேன். அவருடைய சிவப்புப் பென்சில் ஒவ்வொன்றாக 'சரி' போட்டுக்கொண்டே வந்து முப்பத்தெட்டில் நின்றது. 'சரி'யும் போடவில்லை, அடிக்கவும் இல்லை.

"இதை எங்க கேட்டே?"

"எங்க ஆத்துல, சார்."

அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். பேனா கிடைத்தது.

பெரியவர்கள் யாரும் விளக்காததால் நானே யோசித்தேன். நிழல் விழக் கூடாது, அவ்வளவுதானே? விழாமல் பார்த்துக்கொண்டால் அத்தை தாராளமாக வந்து நிற்கலாமே. இவ்வளவு சின்ன விஷயம் பெரியம்மாவுக்குத் தோன்றவில்லையே என்று அவள் மேல் இரக்கம்கூட வந்தது. எங்கள் வீட்டில் ஊஞ்சல் கூடத்தில் தொங்கியது. கூடத்துக்குக் கிழக்கே முற்றம், அதற்கும் கிழக்கே சமையலறை. காலை வெயிலில் சமையலறைப் பக்கமிருந்து வருகிறவர்களின் நிழல் நேராக ஊஞ்சலை நோக்கித்தான் நீளும். கல்யாணத்துக்கு முதல் நாள், ஊஞ்சல் நடக்கப்போகும் அதே காலை நேரத்துக்கு அத்தையைக் கூப்பிட்டு முற்றத்தில் நிற்கவைத்தேன். அவள் நிழலைக் காலடி வைத்து அளந்தேன். பத்து அடி.

"என் நிழலை அளந்து என்ன பண்ணப்போறே? சட்டை தைக்கப்போறியா?"

"நாளைக்குச் சொல்றேன், அத்தை."

மறுநாள் ஊஞ்சல் தொடங்கியது. கூடம் நிறையப் பெண்கள். நான் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஊஞ்சல் பலகை முன்னால் வந்து நிற்கும் இடத்திலிருந்து பதினோரு அடி அளந்தேன். ஓர் அடி ஜாக்கிரதைக்கு. அங்கே முற்றத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு இழுத்தேன். கோலம் போடுகிறேன் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. பிறகு சமையலறைக்கு ஓடினேன். அத்தை பால் பொங்கிவிடாமல் கரண்டியால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வா. கோடு போட்டிருக்கேன். அதுக்கு இந்தப் பக்கம் நின்னா உன் நிழல் அக்கா மேல விழாது."

"விழும்னு யாருடா சொன்னா?"

"பெரியம்மா அம்மா கிட்ட சொன்னா. அதான் உன்னைப் பாலைப் பாத்துக்கச் சொல்லியிருக்கா. நான் நோட்டுலகூட எழுதியிருக்கேன்."

கரண்டி நின்றது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அத்தை அதை இறக்கிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னோடு வந்தாள்.

கோட்டுக்குப் பின்னால், கால்விரல்கள் அதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நின்றாள். ஒவ்வொருவராகக் கோட்டைப் பார்த்தார்கள், அத்தையைப் பார்த்தார்கள். பாட்டு பாதியில் தேய்ந்து நின்றது. அக்கா ஊஞ்சலில் இருந்தபடியே, "அத்தை, ஏன் அங்கேயே நிக்கறே? இங்க வா" என்று கையை நீட்டினாள்.

"உன் தம்பி அளந்து வெச்சிருக்கான்டி. தாண்டினா தப்பாயிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தையின் தலை நிழல் பலகைக்கு ஓர் அடி தள்ளியே விழுந்திருந்தது. என் கணக்கு சரி. நான் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது.

பந்தி முடிந்ததும் அப்பா என்னைச் சாமான் அறைக்கு இழுத்துப் போனார். பெரியம்மாவும் அம்மாவும் பின்னால் வந்தார்கள். சம்பந்திகள் எதிரில் மானம் போய்விட்டது என்று பெரியம்மா குமுறினாள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"யார் சொல்லிக் கோடு போட்டே?" என்று அப்பா கேட்டார்.

அப்பா என்னை அதுவரை அடித்ததில்லை. அன்று அடிப்பார் என்று தோன்றியது. நிழல் விழவில்லையே, பின்னே எதற்கு இவ்வளவு கோபம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் பயம் இன்னும் அதிகமாயிற்று.

"அத்தைதான் போடச் சொன்னா."

வாசற்படியில் நிழல் தட்டியது. பால் பாத்திரத்தோடு அத்தை நின்றிருந்தாள். அப்பா திரும்பி, "நீயா சொன்னே?" என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். "ஆமாண்ணா. நான்தான் சொன்னேன்."

"குழந்தையை ஏவிவிட்டா சபையிலே அவமானப்படுத்தணும்?" என்றாள் பெரியம்மா. அம்மா மட்டும் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். கேட்கத் துணிவு வந்தபோது அம்மா இல்லை. அக்காவோ, கல்யாண நாளில் அத்தை அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அத்தை லால்குடியில் இருந்த தன் மைத்துனர் வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே யாருக்கோ பிரசவமாம், ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். அதற்கப்புறம் விசேஷங்களுக்குக்கூட அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் போய் அழைக்கவில்லை.

அன்று பஸ் வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். அத்தை போடச் சொல்லவில்லை என்று நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அவளே ஆமாம் என்கிறாளே. பெரியவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். ஒருவேளை முதல் நாள் அளந்தபோது சொல்லி, நான்தான் மறந்துவிட்டேனோ? நிறுத்தத்தில் கேட்டேவிட்டேன்.

"அத்தை, நீ சொல்லித்தானே நான் கோடு போட்டேன்?"

அவள் என் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஆமாண்டா. நீ அதையே நினைச்சுண்டிருக்காதே. ஆத்துக்குப் போ."

பஸ் கிளம்பியது. சந்தோஷமாகக் கையை ஆட்டினேன். அவளே இரண்டு தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டாள், ஆகவே நான் சொன்னது உண்மைதான் என்று தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.