வாசப்படிக் கல்

திருத்தணிக்குப் பக்கத்தில் எங்கள் கடலைக் கொல்லையை ஒட்டிய குன்றின்மேல் ஒரு பழைய கோட்டை இடிந்து கிடக்கிறது. போன கோடையில், எங்களிடம் கூலி வேலை செய்த முனியம்மா அங்கிருந்து ஒரு கல்லைத் தலையில் சுமந்துகொண்டு இறங்கினாள். துணி துவைக்கவாம்.

"கோட்டைக் கல்லத் திருடுறியா? எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வா" என்று உச்சி வெயிலில் திருப்பி அனுப்பினேன். நிழலில் நின்று பார்த்தேன். இரண்டு முறை விழுந்தாள். வைத்துவிட்டு வந்தவளின் முழங்காலில் ரத்தம்.

"உங்க வாசப்படிக் கல்லும் அங்க இருந்து வந்ததுதாங்க. எங்க நைனாதான் சொமந்துகினு வந்தாரு. அதையும் கொண்டுபோயி வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம், அவளுக்கு வாய் நீளம் என்றேன்.

இப்போதெல்லாம் அந்தப் படியை மிதிக்காமல் தாண்டிப் போகிறேன். நான் செய்த பரிகாரம் அவ்வளவுதான்.